மணல் சுடாத கால்

வலது காலை ஒரு ஸ்ரூலின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இன்னும் கொஞ்சக் காலத்துக்கு அந்தக் காலை நிலத்தில் ஊன்றக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். உரும்பிராயில் பிறந்து, நடக்கத் தொடங்கிய நாள் முதல் செம்மண்ணில் நின்றவனுக்கு இது பெரிய தண்டனை. தோட்டத்தில் மோட்டர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. எந்தப் பாத்திக்குத் தண்ணீர் போகிறது, வாய்க்கால் எங்கே உடைந்தது, ஒன்றும் தெரியவில்லை. எழும்பப் பார்க்கிறேன். குசினியிலிருந்து என் மனைவி தவமணியின் குரல் வருகிறது.

“என்னப்பா, கதிரை சத்தம் போடுது. எங்கை வெளிக்கிடுறியள்?”

“ஓரிடமும் இல்லை.”

“அப்ப இருங்கோ.”

இருக்கிறேன். ஆனால் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன். பெரிய படிப்புப் படித்தவன் அல்ல நான்; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள், அதிலும் திருவிழாவுக்கு வெறுங்காலுடன் போகிறவர்கள், இதை ஒருமுறை வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. முருகன் எனக்குச் செய்தவை எத்தனையோ. ஆனால் அவர் செய்யாத ஒன்றையும் அவர் செய்ததாக நான் ஒரு வருடம் முழுவதும் ஊருக்குச் சொல்லித் திரிந்தேன்.

அது சென்ற வருடத் தேர் நாள். எங்கள் ஊர் முருகன் கோயிலில் தேர் இருப்புக்கு வரும்போது வெயில் உச்சிக்கு ஏறிவிடும். வெளிவீதி முழுவதும் மணல். வழக்கமாகத் தண்ணீர் பவுசர் வந்து வீதியை நனைத்துவிட்டுப் போகும். அன்று பவுசர் வரப் பிந்திவிட்டது. வடம் பிடித்துவிட்டு வந்த சனம் எல்லாம் கால் மாற்றிக் கால் மாற்றித் துள்ளிக்கொண்டு பந்தல் நிழலுக்கு ஓடியது. பக்கத்து வளவுக் கனகு தன் சால்வையைக் கீழே போட்டு அதன் மேல் ஏறி நின்றான். நான் மட்டும் வீதியின் நடுவில், தேர் வந்து நின்ற முட்டியைப் பார்த்துக் கும்பிட்டபடி, ஆறுதலாக நடந்து வந்தேன். சூடு இல்லை. ஒன்றுமே இல்லை. ஈரப் பாத்தியில் நடப்பது போலத்தான் இருந்தது.

“அண்ணை, உங்களுக்குச் சுடேல்லையே?” என்று கனகு கத்தினான்.

“சுடேல்லை.”

“பாருங்கோ, அண்ணையின்ரை காலை முருகன் தாங்கிறார்!”

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா என்னைக் கும்பிட்டே விட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த நிலையில் நின்றபடியே ஒரு நேர்த்தி வைத்தேன். எங்கள் மகள் சுகந்திக்குக் கலியாணமாகிக் கன காலமாகப் பிள்ளை இல்லை. “முருகா, என்ரை பிள்ளைக்கு ஒரு பிள்ளையைக் குடு. அடுத்த வருடத் தேருக்கு, இதே மத்தியான வெயிலுக்கை, இதே மணலிலை வெறுங்காலோடை காவடி எடுக்கிறன்” என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது தவமணிதான் என் உள்ளங்காலைக் கண்டாள். பெரிய பெரிய கொப்புளங்கள். தேங்காயெண்ணெய் பூசியபடி, “உது சுடேல்லை எண்டு ஆரப்பா சொன்னது?” என்று கேட்டாள். எனக்கு நோகவில்லை என்பதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

வைகாசி மாதத்தில் சுகந்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகு என் நம்பிக்கையை யாரும் அசைத்திருக்க முடியாது.

ஆடி மாதத்தில் கிளினிக்குக்குப் போனேன். மாதா மாதம் போகிறதுதான். விடியப் போய் நம்பர் எடுத்து, இரத்தம் குத்திக் கொடுத்து, மர வாங்கில் இருந்து, குளிசையை வாங்கிக்கொண்டு வருவது. அன்று வாங்கில் இருந்த எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். சீனி வருத்தக்காரருக்கு நரம்பு கெடத் தொடங்குகிறதா என்று முன்கூட்டியே பார்க்கிற பரிசோதனையாம். எனக்கு எரிச்சலாக இருந்தது. அன்று பின்னேரம் மிளகாய்க்கு மருந்து அடிக்க ஆள் வரச் சொல்லியிருந்தேன்.

“பிள்ளை, எனக்குக் காலிலை ஒரு வருத்தமும் இல்லை. நோவில்லை, உளைவில்லை. நான் போகட்டே?” என்றேன்.

பரிசோதிக்கிற நேர்ஸ் சிறிய வயதுப் பெண். சிரித்தாள். “நோவில்லாத ஆக்களைத்தான் ஐயா நாங்கள் தேடுறம். ஏறிப் படுங்கோ.”

அவள் கையில் இருந்தது ஒரு பிடியும் அதன் நுனியில் ஒரு நைலோன் நூலும். தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி மாதிரி. அதைக் காலில் வைத்து அழுத்தினால் நூல் கொஞ்சம் வளையும். அந்த அளவு அழுத்தம் படுவது தெரிந்தால் அந்த இடத்தில் உணர்வு இருக்கிறது என்று அர்த்தம். முதலில் என் கையில் தொட்டுக் காட்டினாள். நன்றாகத் தெரிந்தது. பிறகு கண்ணை மூடச் சொன்னாள்.

“தொடுறது தெரிஞ்சால் ஓம் எண்டு சொல்லுங்கோ.”

கண்ணை மூடினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். இது சும்மா இருக்கிற பரிசோதனை போல என்று நினைத்தேன். பிறகு, இவள் இவ்வளவு நேரமும் தொடாமல் இருப்பாளா என்று ஒரு யோசனை வந்தது.

“ஓம்,” என்றேன்.

பேனை கீறுகிற சத்தம் கேட்டது.

“ஓம்,” என்றேன் மறுபடியும். கொஞ்சம் பொறுத்து, “ஓம்.”

“ஐயா, நான் இப்ப காலைத் தொடவே இல்லை. தொட்ட நேரமெல்லாம் பேசாமல் இருந்திட்டு, நான் எழுதப் பேனையை எடுக்கேக்கை ஓம் எண்டுறியள்.”

பக்கத்து வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்து ஒரு இரும்புக் கவையைத் தட்டி, அது அதிர அதிர என் பெருவிரல் எலும்பில் வைத்தாள். முழங்காலில் வைத்தபோது, கோயில் மணியைத் தொட்டால் கைக்குள் வருமே ஒரு அதிர்வு, அது வந்தது. விரலில் ஒன்றும் வரவில்லை. அதன் பிறகு இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒன்றில் சுடுதண்ணீர், மற்றதில் குளிர்ந்த தண்ணீர். மாறி மாறிப் பாதத்தில் வைத்தாள்.

“இது சூடோ, குளிரோ?”

“இரண்டும் ஒண்டுபோலைதான் கிடக்கு.”

கண்ணைத் திறந்துவிட்டேன்.

“பிள்ளை, இப்பிடி இருக்கிற ஆளுக்கு மணல் சுட்டாலும் தெரியாதோ?”

“தெரியாது ஐயா. நெருப்புத்தணலிலை நிண்டாலும் தெரியாமல் போகலாம். ஏன் கேக்கிறியள்?”

அவள் என் வலது காலை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருவிரலுக்குக் கீழே காய்ச்சுப்போன தோலில் கறுப்பாக ஒரு புள்ளி. செம்மண் ஊறியது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் அமத்தியதும் அதிலிருந்து சீழாக ஊனம் வந்தது. அவள் முகத்துச் சிரிப்புப் போய்விட்டது. உடனே டொக்டரைக் கூப்பிட்டாள். அன்று பின்னேரமே பட்டினத்து ஆஸ்பத்திரியில் என்னை மறித்து வாட்டில் போட்டுவிட்டார்கள். மிளகாய்க்கு மருந்து அடிக்க வந்தவர் திரும்பிப் போய்விட்டார் என்று தவமணி பிறகு சொன்னாள்.

வாட்டில் அடுத்த நாள் காயத்தை வெட்டித் துப்புரவாக்கினார்கள். விறைக்கிற ஊசி போட வேண்டிய தேவைகூடப் பெரிதாக இருக்கவில்லை. டொக்டர் சின்னக் குறட்டால் உள்ளே இருந்து எதையோ இழுத்துத் தட்டில் போட்டார். டிங் என்று சத்தம் கேட்டது. வேலிக்கு அடித்த முள்ளுக்கம்பியின் ஒரு துண்டு. ஆனி மாதத்தில் தோட்டத்து வேலியைத் திருத்தினேன். அப்போது ஏறியிருக்க வேண்டும். அதை உள்ளே வைத்துக்கொண்டு தண்ணீர் கட்டினேன், சந்தைக்குப் போனேன், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கோயிலைச் சுற்றி வந்தேன்.

எலும்புக்குள் கிருமி போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துவிட்டு, முடிவு வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். போயிருந்தால் விரலை எடுக்க வேண்டி வரலாமாம். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வாட்டில் கால் வருத்தக்காரர்தான் அதிகம். போர்வைக்குக் கீழே ஒரு பக்கம் தட்டையாகக் கிடக்கிற கட்டில்களைப் பார்க்கக் கூடாது என்று முகட்டைப் பார்த்தேன். முகட்டைப் பார்த்தால் காவடி நினைவுக்கு வந்தது. தேருக்கு ஒரு மாதம்கூட இல்லை. நேர்த்தி வைத்தது நான். பிள்ளையைத் தந்தது அவர். கொடுக்க வேண்டியது என் பக்கத்தில்தான் நிற்கிறது. விரல் போனால் போகட்டும், காவடி பிந்தக் கூடாது என்றுகூட ஒரு நேரம் நினைத்தேன். மறு நேரம், மணல் சுடாதது அவருடைய செயலே இல்லை என்றால் அந்த நேர்த்தியை நான் யாரிடம் வைத்தேன் என்று நினைத்தேன். இந்த இரண்டுக்கும் நடுவில் பிரண்டு பிரண்டு படுத்தேன்.

பக்கத்துக் கட்டிலில் பருத்தித்துறைப் பக்கத்துக் கடற்தொழிலாளி ஒருவர் இருந்தார். இராசண்ணை என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். அவருக்கு இடது காலில் விரல்களே இல்லை.

“தம்பி, நீர் பிரள்ற பிரளுக்குக் கட்டில் கடலுக்கை போகப்போகுது. என்ன பிரச்சினை?”

எல்லாவற்றையும் சொன்னேன். தேர், மணல், கனகு கத்தியது, நேர்த்தி. அவர் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“சூரனோடை சண்டை பிடிச்ச ஆள். அவருக்கு உம்மடை காலுக்குக் கீழை பாய் விரிக்கிறதுதான் வேலையோ?”

எனக்குக் கோபம் வந்தது. “அண்ணை, சாமியைப் பற்றிப் பகிடி வேண்டாம்.”

“நான் சாமியைப் பகிடி பண்ணேல்லை. உம்மைத்தான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “எனக்குச் செருப்புக்குள்ளை ஒரு சிப்பித்துண்டு. அதோடை நாள் முழுக்க வலை இழுத்தனான். செருப்பைக் கழட்டினால் ரத்தம். அப்ப நான் என்ன சொன்னனான் தெரியுமோ? கடலிலை கிடந்து என்ரை உடம்பு உரமேறிப்போச்சு எண்டனான். பெருமையாச் சொன்னனான். நீர் அருள் எண்டீர், நான் உரம் எண்டன். உமக்கு விரல் கிடக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.”

அதற்கு மேல் அவரோடு எனக்குக் கோபம் இருக்கவில்லை. தவமணி கொண்டுவருகிற குரக்கன் மாப் பிட்டில் ஒரு பங்கு அவருக்கும் போனது.

எக்ஸ்ரே முடிவு நல்லதாக வந்தது. எலும்பு தப்பிவிட்டது. தவமணி உடனே தன் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த திருநீற்றை எடுத்து, என் நெற்றிக்கும் பூசி, கேட்காமலேயே இராசண்ணையின் நெற்றிக்கும் பூசினாள்.

வீட்டுக்கு விடமுன் நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்க்கிற பரிசோதனை ஒன்று செய்தார்கள். காலில் அங்கங்கே வயர்களை ஒட்டி, சின்னச் சின்ன அதிர்ச்சி கொடுப்பார்கள். முழங்காலுக்குக் கீழே கெண்டைச் சதை தவளை மாதிரித் துள்ளியது. கீழே வரவரத் துள்ளல் குறைந்தது. டொக்டர் விளங்கப்படுத்தியதை நான் என் பாஷையில் சொல்கிறேன். நரம்பு என்பது முதுகிலிருந்து கால் விரல் வரைக்கும் ஓடுகிற வாய்க்கால். இரத்தத்தில் சீனி கூடி நின்றால் அந்த வாய்க்கால் கெடும். கெடும்போது முதலில் காய்வது கடைசிப் பாத்தி. அதுதான் கால் விரல். சூட்டையும் நோவையும் கொண்டுபோகிற மெல்லிய நரம்புகள் பெரும்பாலும் முந்திக் கெடும். அவை கெடத் தொடங்கும்போது கால் எரியும், குத்தும், எறும்பு ஊரும்.

“அப்பிடி முந்தி இருந்ததோ?” என்று டொக்டர் கேட்டார்.

இருந்தது. சில வருடங்களுக்கு முன் படுத்தால் இரண்டு காலிலும் எறும்பு ஊரும். தவமணி ஒவ்வொரு நாளும் திருநீறு பூசிவிட்டாள். ஒரு நாள் நின்றுவிட்டது. சுகமாகிவிட்டது என்று கோயிலில் தேங்காய் உடைத்தோம்.

“எறும்பு போகேல்லை ஐயா,” என்றார் டொக்டர். “எறும்பு ஊருது எண்டு சொல்லுற நரம்புதான் போயிட்டுது. போனது திரும்பி வரும் எண்டு நான் சொல்லமாட்டன். மிச்சத்தைக் காப்பாத்தலாம். இடது கால் இன்னும் கன இடத்திலை உணருது. சீனியைக் கட்டுப்பாட்டிலை வையுங்கோ. ஒவ்வொரு நாளும் காலைப் பாருங்கோ. வெறுங்காலோடை ஒரு அடியும் வைக்கக் கூடாது.”

“கோயிலுக்கு?”

“கோயிலுக்கும்தான்.”

அவரும் திருநீறு பூசியிருந்தவர்தான். அதனால் ஓம் என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்தபின் தவமணி ஒரு கண்ணாடியை வாங்கி வந்தாள். காலையும் மாலையும் என் பாதத்தின் கீழே கண்ணாடியைப் பிடித்துப் பார்ப்பாள். விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றுவாள். மருமகன் காலுக்கு அளவெடுத்து மெத்தென்ற செருப்புச் செய்விக்கக் கொடுத்தார். விலையைக் கேட்டேன், சொல்லவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கொடியேறிவிட்டது. கோயில் ஒலிபெருக்கி வீட்டு முற்றம் வரை கேட்கும். ஒவ்வொரு நாள் திருவிழா முடியவும் தேர் கிட்ட வருகிறது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். “தவமணி, நான் காவடி எடுக்கத்தான் போறன். காலுக்கு இரண்டு மூண்டு சுத்துத் துணி கட்டிக்கொண்டு போறன். என்ன வந்தாலும் வரட்டும்.”

அவள் கையில் இருந்த கண்ணாடியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“ஒண்டு கேக்கிறன். உங்களுக்குத்தான் சூடு தெரியாதே. தெரியாத காலாலை மணலிலை நடந்து நீங்கள் முருகனுக்கு என்னத்தைக் குடுக்கப்போறியள்?”

நான் அவருக்குக் கொடுப்பதாகச் சொன்னது என் காலின் நோவை. அந்த நோவு என்னிடம் இல்லை. இல்லாத ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுக்கப் பார்க்கிறேன்.

“அப்ப நேர்த்தியை என்ன செய்யிறது?” என்றேன்.

“நேர்த்தி வைக்கேக்கை என்னைக் கேட்டனீங்களே? சுகந்தி எனக்கும்தான் பிள்ளை. நான் பாற்செம்பு எடுக்கிறன். மத்தியானம்தான். வெறுங்காலோடைதான். நீங்கள் காலைத் தூக்கி வைச்சுக்கொண்டு இதிலை இருங்கோ. உங்களுக்கு அதுதான் கஷ்டம். அதை முருகனுக்குக் குடுங்கோ.”

தேர் நாள் விடியவே தவமணி கிணற்றடியில் தோய்ந்து, மஞ்சள் சேலை கட்டி, வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் கதிரையில் இருந்தபடியே பாற்செம்பைத் தொட்டுக் கும்பிட்டேன். சுகந்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு குடையோடு தாயின் பின்னால் போனாள். எங்கள் ஒழுங்கையால் காவடிகள் போயின. மேளம் கிட்ட வந்து, அடித்து, தள்ளிப் போனது. அந்த மேளத்துக்கு என் தோள் தானாகவே ஆடியது. எழும்பக் கதிரைக் கையைப் பிடித்தேன். பிடித்த பிடியை விட்டேன். மறுபடி பிடித்தேன். வெயில் முற்றத்தில் ஏறிக்கொண்டே இருந்தது. தவமணி அந்த மணலில் எந்த இடத்தில் நிற்பாள் என்று யோசித்தேன். “முருகா, நான் இருக்கிறன், இருக்கிறன்” என்று வாய்விட்டுச் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு கடினமான விரதம் நான் பிடித்ததில்லை.

முருகன் அதை ஏற்றுக்கொண்டாரா என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஒருமுறை அப்படி அடித்துச் சொல்லிப் பட்ட பாடு போதும்.

வெயில் சரிந்த பிறகு படலை திறக்கிற சத்தம் கேட்டது. தவமணி நுனிக்காலில், ஒரு பாதத்தை மறுபாதத்தில் தேய்த்தபடி வந்தாள். சேலைக் கரையெல்லாம் மணல். பின்னால் சுகந்தி சிரிப்பை அடக்க முடியாமல் வந்தாள்.

“அப்பப்பா, என்ன சூடு! பவுசர்காரன் இண்டைக்கும் பிந்திப்போனான். காலெல்லாம் பொசுங்கிப்போச்சு.”

“அம்மா துள்ளின துள்ளு, செம்பிலை அரைவாசிப் பால் எனக்கு மேலைதான்,” என்றாள் சுகந்தி.

“சுட்டதோ?” என்றேன்.

“சுடாமல்? கேக்கிற கேள்வியைப் பார்.”

“இதிலை இரும். காலை நீட்டும்.”

“விசரே உங்களுக்கு? மகள் நிக்கிறாள்.”

“நிக்கட்டும். நீட்டும்.”

எனக்குக் குனிய முடியாது என்பதால் அவளுடைய கால்களைத் தூக்கி என் மடியில் வைத்தேன். குடிக்க வைத்திருந்த செம்புத் தண்ணீரை ஊற்றி மணலைக் கழுவினேன். உள்ளங்கால் இரண்டும் செவ்விளநீர் நிறத்தில் சிவந்து கிடந்தன. என் பாதத்துக்கு அவள் பிடிக்கிற கண்ணாடியை எடுத்து, ஒரு கொப்புளமாவது உண்டா என்று பார்த்தேன். இல்லை. சுடச் சுட ஓடி ஓடி நின்ற கால் அல்லவா. சேலையிலிருந்து விழுந்த ஒரு நூல் கையில் அகப்பட்டது. அதன் நுனியை அவள் பாதத்தின் நடுவில் மெல்ல வைத்தேன்.

“ஐயோ, கூசுது, விடுங்கோ!” என்று அவள் காலைப் பறித்துக்கொண்டாள்.

“முருகா,” என்றேன் நான்.